வெகுளி என்னும் வசை

கடந்த மாதம் எங்கள் துறையில் முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளைப் பரிசீலிக்கும் கூட்டம் நடந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இந்தியாவின் எந்த இலக்கியத் துறையிலும் இது நடந்திருக்கக்கூடும் என்பதால் பெயர் முக்கியமும் அன்று. பஜ்ஜு ஷ்யாமின் 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்ற படநூலைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்புவதாக ஒரு மாணவி கூறினார். மூத்த பேராசிரியர் ஒருவர் நூலை வாங்கிப் புரட்டினார், முகம் மலர்ந்தார். "அருமையான புத்தகம். எத்தனை வெகுளியான மனம்! ஆனால் ஆராய்வதற்கு இதில் பிரதி எங்கே இருக்கிறது? மானிடவியல் துறையில் கேட்டுப் பாருங்கள்" என்றார். கூட்டம் அடுத்த தலைப்புக்குச் சென்றது. அந்த மாணவி இப்போது வேறொரு நாவலாசிரியரைப் பற்றி எழுதுகிறார்.

அன்று நானும் அங்கிருந்தேன், வாய் திறக்கவில்லை. இப்பதிவு காலம் தாழ்ந்து வரும் மறுப்பு.

பேராசிரியர் அந்த நூலை இகழ்ந்திருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். அவர் புகழ்ந்தார். புகழ்ந்ததன் வழியாகவே அதைத் துறைக்கு வெளியே அனுப்பினார். தொல்காப்பியருக்கு வெகுளி என்றால் சினம். எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று. இன்று நாம் அச்சொல்லைச் சூதறியா மனத்துக்கு வழங்குகிறோம். ஒரு படைப்பாளியை இப்பொருளில் வெகுளி என்று அழைப்பது அவரைப் பாராட்டுவதாகாது என்பதே என் வாதம். அவர் சிந்தித்தார் என்பதை ஒப்புக்கொள்ளாதிருக்க நாம் கண்டுபிடித்த நாகரிகமான வழி அது.

முதலில், தெரியாதவர்களுக்காகச் சில செய்திகள். பஜ்ஜு ஷ்யாம் மத்தியப் பிரதேசத்தின் டிண்டோரி மாவட்டத்திலுள்ள பாட்டன்கர் என்னும் ஊரில், பர்தான் கோண்டு சமூகத்தில் பிறந்தவர். பர்தான்கள் கோண்டுகளின் பாணர்கள். 'பானா' என்னும் நரம்புக்கருவியை இசைத்து, புரவலர் குடிகளின் வமிச வரலாற்றையும் தெய்வக் கதைகளையும் பாடிப் பரிசில் பெற்றவர்கள். பஜ்ஜு இளம் வயதில் பிழைப்புத் தேடிப் போபால் வந்தார். இரவுக் காவலாளியாக இருந்தார், மின்பணி செய்தார். பின்னர் உறவினரும் பெரும் ஓவியருமான ஜங்கர் சிங் ஷ்யாமிடம் பயிற்சி பெற்றார். லண்டனில் இந்திய உணவகம் ஒன்றின் சுவர்களில் ஓவியம் தீட்ட அழைக்கப்பட்டு, அந்நகரில் இரண்டு மாதம் தங்கினார். அந்தப் பயணத்தைப் பற்றிய நூலே 'தி லண்டன் ஜங்கிள் புக்'. சென்னையிலுள்ள தாரா புக்ஸ் 2004இல் அதை வெளியிட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அரசுக்குத் தெரிந்தவர் நம் பாடத்திட்டங்களுக்குத் தெரியாதவராகவே இருக்கிறார்.

இனி, அந்த 'வெகுளி மனம்' என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம்.

விமானம் அவருடைய நூலில் சிறகு முளைத்த யானையாகிறது. நம்மைப் போன்ற எழுத்தறிந்தோர் விமானத்தைப் பறவை என்போம். அந்த உவமை தேய்ந்துபோனது மட்டுமன்று, தவறானதும்கூட. பறவை பறப்பதில் வியப்பில்லை. பாரம் பறப்பதுதான் வியப்பு. முதன்முறை விமானம் ஏறும் ஒருவனை எது திகைக்க வைக்கிறது என்ற கேள்விக்கு யானை சரியான விடை, பறவை சோம்பலான விடை. உவமானத்தைத் தேர்வதில் இத்தனை கறாராக இருக்கும் ஒருவரை வெகுளி என்பதானால், அணியிலக்கணம் கற்ற நாம் யார்?

அவர் அன்றாடம் வேலைக்குச் சென்ற முப்பதாம் எண் பேருந்து, நாயாகிறது. இதைக் கண்டு புன்னகைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவது எளிது. சற்று நின்று பாருங்கள். ஆங்கில எழுத்துகள் சூழ்ந்த பெருநகரில், அம்மொழி அறியாத ஒரு தொழிலாளி இருக்கிறார். அவரால் நம்பக்கூடிய அடையாளம் ஓர் எண் மட்டுமே. அந்த எண் வந்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகலாம். அந்த எண் வந்தால் தங்குமிடத்துக்குத் திரும்பலாம். வழி தெரியாதவனை வீட்டுக்கு அழைத்து வருவது நாய். புலம்பெயர் உழைப்பின் தனிமையைப் பற்றி நாம் ஆண்டுதோறும் கருத்தரங்குகள் நடத்துகிறோம். அந்தத் தனிமை இங்கே ஒற்றைப் படத்துக்குள் இருக்கிறது.

மாலையானதும் மதுக்கூடங்களில் திரளும் லண்டன்வாசிகள் வௌவால்களாகிறார்கள். பகலில் ஓசையின்றி இருந்து, இருட்டியதும் கூட்டமாக உயிர்பெறும் இனம். இதன் முறையைக் கவனியுங்கள்: ஒரு மக்கள்கூட்டத்தின் வழக்கத்தைத் தொலைவிலிருந்து நோக்கி, தன் உலகின் வகைப்பாட்டுக்குள் அதை அடக்கி, விளக்கம் தருவது. பாட்டன்கரில் இதே முறையைக் கையாண்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வெரியர் எல்வின். அவர் அவ்வூரில் வாழ்ந்து அங்குள்ளோரைப் பற்றி எழுதினார். அவருடைய தோழர் ஷாம்ராவ் ஹிவாலே 1946இல் பர்தான்களைப் பற்றித் தனிநூலே வெளியிட்டார். அவர்கள் எழுதியதை மானிடவியல் என்று அழைக்கிறோம். அதே ஊரிலிருந்து ஒருவர் புறப்பட்டுப் போய் ஆங்கிலேயரைப் பற்றிச் செய்ததை வெகுளித்தனம் என்கிறோம். ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள். செய்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

நூலின் புகழ்பெற்ற படத்தில் பிக் பென் மணிக்கூண்டும் ஒரு சேவலும் ஓருடலாக இணைகின்றன. கோண்டு ஊரில் நேரத்தை அறிவிப்பது சேவல். லண்டனில் அதை அறிவிப்பது கோபுரம். நம் கட்டுரைகளில் இவ்விரண்டும் 'மரபின் காலம்', 'நவீனத்தின் காலம்' என்று எதிரெதிராக நிற்கும். பஜ்ஜு அவற்றை எதிரெதிராக நிறுத்தவில்லை. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதைக் கண்டுகொண்டு அவற்றை உறவினராக்கிவிடுகிறார். எங்கள் துறையில் ஒப்பிலக்கியம் என்று ஒரு தாள் உண்டு.

ஆகவே பிரதி எங்கே என்ற கேள்விக்கு விடை, அவர் கையிலேயே இருந்தது என்பதுதான். அவர் அதைப் பார்த்தார், படிக்கவில்லை.

இங்கே கிப்ளிங்கைப் பேசாமல் செல்ல முடியாது. நூலின் தலைப்பே அவரை வம்புக்கு இழுக்கிறது. கிப்ளிங்கின் 'தி ஜங்கிள் புக்' 1894இல் வந்தது. அதன் காடு சியோனி, இன்றைய மத்தியப் பிரதேசம், கோண்டுகளின் நிலப்பகுதி. அடுத்த ஆண்டில் வந்த இரண்டாம் நூலில், காடு ஒரு கிராமத்தை விழுங்கும் கதை வருகிறது. அச்சமுற்ற கிராமத்தார் அருகிலிருக்கும் கோண்டுகளின் தலைவரை அழைத்துத் தெய்வங்களின் சினம் பற்றிக் கேட்கிறார்கள். அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. காட்டுப் பாகற்கொடி ஒன்றை எடுத்துக் கோயில் வாசலின் குறுக்கே பின்னிவிட்டுப் போய்விடுகிறார். இந்த ஊர் இனிக் கொடி படரும் காடுதான் என்பது பொருள். கிராமத்தார் அதைப் புரிந்துகொண்டு கிளம்புகிறார்கள்.

கிப்ளிங் அந்தக் கோண்டுக்குப் பேச்சைக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் அவர் அறியாமலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: அந்தக் கொடி ஒரு வாக்கியம். கிராமத்தார் அதை வாசித்தார்கள். நூற்றொன்பது ஆண்டுகள் கழித்து ஒரு கோண்டு, கிப்ளிங்கின் தலைப்பையே எடுத்துத் தன் நூலுக்கு வைத்து, கிப்ளிங்கின் தலைநகரைக் காடாக வரைகிறார். இந்த முறை கொடியை வாசிக்க மறுப்பவர்கள் நாம். கல்வி பெறாத அந்தக் கற்பனைக் கிராமத்தார் நம்மைவிட மேலானவர்கள்.

மௌக்ளி குழந்தையும் காட்டாளும் ஒருங்கே ஆனவன் என்பதையும் நினைவில் வைப்போம். குழந்தை, பழங்குடி, இயற்கை என்ற மூன்றையும் ஒரே பொருளாகக் காண்பது காலனிய மனத்தின் பழைய வழக்கம். குழந்தை வளர வேண்டியவள், பழங்குடி முன்னேற வேண்டியவர். இருவருக்கும் உணர்வு உண்டு, கருத்து இல்லை. படநூல் வரையும் பழங்குடி ஓவியரிடம் இந்த இரட்டைத் தப்பெண்ணமும் ஒருசேர வந்து விழுகிறது. அவர் பழங்குடி என்பதால் சிந்திக்கவில்லை. குழந்தைகளுக்கும் உரியதைச் செய்கிறார் என்பதால் சிந்திக்கத் தேவையுமில்லை. பேராசிரியரின் புன்னகையில் குழந்தைகள் மீதான அவமதிப்பும் கலந்திருந்தது என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார். யானை ஏன் பறக்கிறது என்று ஓர் ஏழு வயதுச் சிறுமி கேட்பாள். நாம் கேட்கவில்லை.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் கோண்டு ஓவியம் பற்றி நான் வாசித்த கட்டுரையில் 'ஆதி மனத்தின் கள்ளமின்மை' என்ற தொடரை எழுதியவன் நானே. கைதட்டலும் கிடைத்தது. அக்கட்டுரையில் ஓவியர் ஒருவரின் பெயர்கூட இல்லை.

இனி, கூட்டத்துக்குப் பிறகு நண்பர்கள் எழுப்பிய தடைகளுக்கு வருகிறேன்.

'இது தொன்மையான கூட்டுமரபு. தனி ஆசிரியர் என்ற கருத்தே இதற்குப் பொருந்தாது' என்பது முதல் தடை. கேட்பதற்கு முற்போக்காக ஒலிக்கும் இது வரலாற்றுப் பிழை. சுவரிலும் தரையிலும் 'டிக்னா' என்னும் வடிவங்களை இடும் வழக்கம் பழையது. அதை வீட்டுப் பெண்கள் செய்துவந்தார்கள். ஆனால் தாளிலும் துணியிலும் இன்று நாம் காணும் கோண்டு ஓவியம் 1980களில் பிறந்தது. போபாலில் பாரத் பவன் 1982இல் திறக்கப்பட்டது. அதையொட்டி ஜே. சுவாமிநாதனின் குழுவினர் பாட்டன்கரில் ஜங்கர் சிங் ஷ்யாம் என்ற இளைஞரின் கைவண்ணத்தைக் கண்டு அவரைப் போபாலுக்கு அழைத்து வந்தார்கள். அதுவரை பாட்டில் மட்டும் இருந்த தெய்வங்களுக்கு அவர் உருவம் கொடுத்தார். புள்ளிகளாலும் கோடுகளாலும் உடலை நிரப்பும் முறையை வளர்த்தெடுத்தார். 1989இல் பாரிஸின் புகழ்பெற்ற கண்காட்சி ஒன்றில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது உயிர்நீத்தார். தோன்றிய காலம் தெரிந்த, தோற்றுவித்தவரின் பெயர் தெரிந்த நவீனக் கலைப் பள்ளி இது. 'ஜங்கர் கலம்' என்றே அதற்குப் பெயருண்டு. நம்முடைய பல நவீனத்துவ இயக்கங்களைவிட வயதில் இளையது.

மேலும், கோண்டு ஓவியர் ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு நிரப்பு வடிவம் உண்டு. பிறையாகவோ சங்கிலியாகவோ விதையாகவோ அது இருக்கலாம். அதைக் கொண்டே எந்தப் படம் யாருடையது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆசிரியர் இல்லை என்று நாம் சொல்லும் ஓவியத்தின் ஒவ்வோர் அங்குலத்திலும் ஆசிரியரின் கையொப்பம் இருக்கிறது. நம் நாவலாசிரியர்கள் அட்டையில் மட்டுமே கையெழுத்திடுகிறார்கள்.

இரண்டாவது தடை கனமானது. 'அந்த நூலின் ஆங்கில வாசகம் அவருடையதன்று. அவர் இந்தியில் சொன்னவற்றைப் பதிப்பகத்தார் ஆங்கிலத்தில் அமைத்தார்கள். தன்மை ஒருமையில் பேசும் அந்தக் குரல் யாருடையது?' நியாயமான கேள்வி. நூலில் கீதா வுல்ஃப், சிரிஷ் ராவ் ஆகியோரின் பெயர்களும் இருக்கின்றன. சொல்லுக்கும் எழுத்துக்கும் இடையே, இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே, போபாலுக்கும் சென்னைக்கும் இடையே அதிகார வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இக்கேள்வியை எழுப்புவோர் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். விசாரணையைத் தொடங்குவதற்காக அவர்கள் கேட்கவில்லை, முடித்துவைப்பதற்காகக் கேட்கிறார்கள். உரையாடல் எவ்வாறு பதிவாயிற்று, எது விடுபட்டது, எது சேர்ந்தது, படம் முந்தியதா வாசகம் முந்தியதா என்று தேடுவதற்குப் பெயர் பாட ஆராய்ச்சி. ஏட்டுச்சுவடிக்கு நாம் தரும் அந்த மரியாதையை இந்நூலுக்கும் தந்தால் ஒன்றல்ல, மூன்று ஆய்வேடுகள் எழுதலாம். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் சேர மன்னர். அதனால் கபிலரையும் ஓரம்போகியாரையும் புலவர்கள் அல்லர் என்று யாரும் சொன்னதில்லை. பெயர் அறியப்படாத புலவருக்கு அவருடைய உவமையையே பெயராகச் சூட்டிச் செம்புலப்பெயனீரார் என்றழைத்த மொழி நம்முடையது. படிமத்தைப் படைத்தவனே பாட்டை உடையவன் என்ற அந்தப் பழைய நேர்மையின்படி, பறக்கும் யானைக்கு உரிமையாளர் யார் என்பதில் ஐயமே இல்லை.

மூன்றாவது தடை விலையைப் பற்றியது. தாரா புக்ஸின் சில நூல்கள் கையால் செய்த தாளில், கையாலேயே அச்சிடப்படுபவை. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோரின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கருப்புத் தாளில் திரையச்சில் உருவானது. 2008இல் போலோன்யா சிறுவர் நூல் விருது பெற்றது. அழகுக்கு ஏற்ற விலையும் உண்டு. 'சேகரிப்பாளர்களுக்கான பொருள் எப்படிக் குழந்தை நூலாகும்?' என்கிறார்கள். இந்தக் குறையில் உண்மை இருக்கிறது. பாட்டன்கர்ப் பள்ளியில் படிக்கும் குழந்தையின் கைக்கு எட்டும் விலையில், அவள் வீட்டில் பேசும் மொழியில் இந்நூல் கிடைக்க வேண்டும். அதைக் கோருவோம், அரசு நிறுவனங்களிடமும் கோருவோம். ஆனால் விலையைக் காட்டி ஆசிரியரை நிராகரிப்பது எந்தத் தர்க்கம்? ஆய்வு நூல்களின் விலையைப் பற்றி நம் துறைகள் பேசாமலிருப்பதே நல்லது.

'ஆசிரியரா, கைவினைஞரா என்ற இந்தப் பெயர்ச்சண்டை எதற்கு? ஓவியம் மதிக்கப்பட்டால் போதாதா?' என்று இறுதியாக ஒரு நண்பர் கேட்டார். போதாது. பெயரில்தான் பிழைப்பு இருக்கிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கலைப்படைப்பைப் படைத்தவரை அதன் ஆசிரியராகக் கொள்கிறது. அவர் வாழ்நாள் முழுவதும், மறைவுக்குப் பின் அறுபது ஆண்டுகளும் பாதுகாப்புத் தருகிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும், இப்படைப்பு என்னுடையது என்று கோரும் உரிமை அவரை விட்டுப் போகாது என்கிறது அதன் 57ஆம் பிரிவு. 2001இல் மறைந்த ஜங்கர் சிங் ஷ்யாமின் ஓவியங்கள் 2061ஆம் ஆண்டு இறுதிவரை பாதுகாப்புக்கு உரியவை. மாறாக, 'நாட்டார் மரபு' என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் அது யாருடையதும் ஆகாது. யாருடையதும் ஆகாதது எல்லோருக்கும் இலவசம். தலையணை உறையிலும் தேநீர்க் கோப்பையிலும் விடுதிச் சுவரிலும் 'கோண்டு டிசைன்' ஓவியர் பெயரின்றி உலவுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2023இல் டிண்டோரியின் கோண்டு ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் புவிசார் குறியீடு ஊரைக் காக்கும், ஆளைக் காக்காது. கத்தரிக்காய்க்கும் கைத்தறிக்கும் தரப்படும் அந்தக் காப்பு, ஒரு நூலாசிரியருக்கு உரிய காப்புக்கு ஈடாகாது.

நீதிமன்றமும் பதிப்பகமும் விளம்பர நிறுவனமும் 'இவர் ஆசிரியரா?' என்று கேட்கும்போது எங்கே போய்ப் பார்க்கும்? நம் நூலக அட்டவணைகளையும் பாடத்திட்டங்களையும் ஆய்வேடுகளையும்தான். நாம் 'வெகுளி' என்று எழுதும்போது, ஓர் ஓவியரின் சட்ட உரிமைக்கு எதிராகச் சான்று எழுதித் தருகிறோம்.

எனவே மூன்று கோரிக்கைகள். நூலகங்கள் இந்நூல்களை நாட்டார் கலை அலமாரியிலிருந்து எடுத்து, ஆசிரியர் பெயரின்கீழ் இலக்கிய அலமாரியில் வைக்கட்டும். இந்திய இலக்கியம் கற்பிக்கும் துறைகள் ஒரு பருவத்துக்கு ஒரு படநூலையாவது முழுப்பிரதியாகப் பாடம் வைக்கட்டும். படத்தை வாசிக்க நமக்குத் தெரியாது என்றால் கற்றுக்கொள்வோம், அதற்காகத்தானே சம்பளமும் உதவித்தொகையும். கோண்டு ஓவியம் பற்றி எழுதும் ஆய்வாளர்கள், என்னையும் சேர்த்து, ஓவியர் பெயரின்றி ஒரு படத்தையும் கட்டுரையில் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கொள்வோம்.

மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். ஒரு வேண்டுகோள் மட்டும்: நூலைக் கையில் வைத்துக்கொண்டு மறுக்கவும்.

அந்த மாணவியிடம் நேற்றுப் பேசினேன். புதிய தலைப்பு நன்றாகப் போகிறது என்றார். படநூலைத் துறை நூலகத்துக்குத் திருப்பிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, புதுப்பித்து வைத்திருக்கிறேன் என்றார். துறையின் பரிசீலனைக் கூட்டம் அடுத்த பருவத்திலும் உண்டு. அன்று நான் பேசாமலிருக்கப் போவதில்லை. தொல்காப்பியர் சொன்ன பொருளில் சற்று வெகுளியோடுதான் போவேன்.